மணல் கட்டும் கூண்டு

12-10-64

காலேஜ் லேப்பில் தேனப்பன் சார் குண்டை வேகவைக்கத் தொடங்கி இன்றோடு இருபது நாள். குண்டு என்றால் கனத்த இரும்புக் குப்பி, மூடிக்கு மேல் பெரிய நட்டு. உள்ளே மணல் மாவு, தண்ணீர், மீன் கவிச்சி அடிக்கிற ஒரு மருந்து. கரண்டு அடுப்பில் நாற்பது நாள் வெந்தால் மணல் கண்ணுக்குத் தெரியாத கூண்டு கட்டுமாம். மருந்து அதற்குள் மாட்டிக்கொள்ளுமாம்.

"வீட்டோட மாப்பிள்ளை மாதிரியா சார்?" என்றேன். சிரித்தார்.

மருந்து மோந்து மோந்து சாருக்கு மூக்கு செத்துப்போச்சு. மோந்து சொல்வது லேப் அட்டெண்டரான என் வேலை. தினம் கேட்பார், "வீரய்யா, கவிச்சி வருதா?" நானும் தினம், "கோட்டைப்பட்டினத்து மீனெல்லாம் கூடையோட வந்து நிக்குது சார்!" வராத கவிச்சிக்கு இரண்டு பேரும் சிரிப்போம்.

14-10-64

ஆயுத பூசை. சார் ஊருக்குப் போய்விட்டார். எல்லாச் சாமானும் ஓய்வெடுக்கிற நாளில் குண்டு மட்டும் வேகலாமா? நேற்றே அடுப்பை அணைத்து ஆறவிட்டேன். கறையைத் துடைக்க நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, திரும்ப முடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தேன். மாப்பிள்ளைக் களைதான்! நாளை காலை அடுப்பைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்?

16-10-64

லேப் கதவைத் திறந்ததும் கவிச்சி. நிஜமாக.

சரியாக முடுக்கவில்லையோ? "நட்டுல மட்டும் கை வைக்காதீங்க. மூடி பிச்சுக்கிட்டா ஆள் பொழைக்க மாட்டான்" — முதல் நாளே சார் சொன்னாரே. சாயங்காலம் அவர்தான் முகத்தை அடுப்போடு ஒட்டிவைத்துத் தெர்மாமீட்டர் பார்க்கிறார்.

17-10-64

சார் வழக்கம்போல் கேட்டார். பாழாய்ப்போன வாய் கோட்டைப்பட்டினம் என்றது. சிரித்துக்கொண்டே குனிந்தார்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்?

"ரெண்டு நாளா வீட்ல ஒரு கேலியும் காணோமே, காச்சலா?" என்று என் சம்சாரம் செவந்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

18-10-64

ஞாயிறு. சோறு இறங்கவில்லை. அங்கிட்டு வெடித்தால் இங்கிட்டுக் கேட்குமா?

19-10-64

சார் குனியப் போனார். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"சார், கவிச்சி வருது."

"கோட்டைப்பட்டினமா, மணமேல்குடியா?"

"இல்லைங்க சார். நெசமாவே வருது. பூசைக்காக நட்டைத் தொட்டுட்டேங்க."

சிரிப்பு நின்றது. சுவிட்சை அணைத்தார், என்னை வெளியே தள்ளினார், கதவைச் சாத்தினார். வராந்தாவில் நின்றோம்.

20-10-64

ஆறியபின் திறந்தார். பாதித் தண்ணீர் இல்லை. ஆவி கசிந்ததால்தான் வெடிக்கவில்லையாம். அடியில் வெள்ளைப் பொடி. "உள்ள மருந்து மாட்டியிருந்தா, சுட்டதும் கறுக்கணும்" என்று சுட்டுப் பார்த்தார். வெள்ளையாகவே கிடந்தது. இத்தனை நாளும் வீண்.

"ஏன் முன்னாலயே சொல்லலை?"

"பயந்துட்டேங்க."

"தினம் அங்க மூஞ்சியை வச்சேனே, வீரய்யா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. பிரின்சிபாலிடம் நட்டு கசிந்தது என்று மட்டும் சொன்னாராம்.

4-10-65

ஆயுத பூசை. மூன்றாவதாக வைத்த குண்டை சார் போன வாரம் திறந்தார். கற்கண்டுத் தூள் மாதிரி மினுக்கும் மணிகள். சுட்டதும் மையாகக் கறுத்தன. சார் குழந்தை மாதிரி குதித்தார்.

அடுத்த குண்டு வேகிறது. சந்தனத்தை அடுப்புக்கு எதிர்ச் சுவரில் வைத்தேன்.

"வீரய்யா, கவிச்சி வருதா?"

கிட்டப் போய் இரண்டு தரம் மோந்து பார்த்தேன்.

"இல்லைங்க சார்."