பிழை பார்த்த போர்வை

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ, உன் வீட்டுக்காரர், கல்யாணப் பெண் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டு வயதுக்காரியை இன்னும் வாலு என்று எழுதுகிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே. உன் அண்ணனுக்கு இன்று நினைவில் நிற்கிற பெயர்கள் இரண்டு மூன்றுதான். அதில் இது ஒன்று. என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஃபோனில் எல்லாம் பேச முடிவதில்லை. மணி அடித்ததும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு என் வாயையே பார்க்கிறார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி என்ன பேசுவது? அதனால்தான் கடிதம். நீ கடிதம் படித்துப் பல வருஷமாகியிருக்கும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படி.

உன் பெண்ணின் கல்யாணத்துக்காக நான் தைக்கிற போர்வை என்னாயிற்று என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். பஞ்சு கிடைக்கவில்லை என்றேன் ஒரு தடவை. மெஷின் ரிப்பேர் என்றேன் இன்னொரு தடவை. இரண்டுமே பொய். மூன்றாவது தடவை என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை, அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் தையல் கூட்டத்துக்குப் போவது உனக்குத் தெரியும். நூலகத்தின் பின்னறையில் நீள மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைக்கிறோம். கண்டக்டரம்மா பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது, குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. துணி பரப்ப இடம் வேண்டுமென்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தானே கெடக்கு" என்று எங்களை நெருக்குவாள். கணக்கு டீச்சர் அளவுகோலைக் கீழே வைக்க மாட்டாள். மருந்துக்கடைக்காரி குண்டூசிகளை மாத்திரை மாதிரி பத்துப் பத்தாக எண்ணி வைப்பாள். ஒன்றை முடிப்பதற்குள் இன்னொன்றை ஆரம்பிப்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. என் அலமாரியில் மட்டும் பாதியில் நிற்பவை நாலு. ஆனால் வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் யாரும் என்னைப் பார்த்து "நீங்க யாரு" என்று கேட்காத நேரம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. எதிர்வீட்டுத் தபால்காரர் உன் அண்ணனுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார். பேப்பர் படித்தபடியே தூங்கிப்போனார். அவருக்கே எழுபத்தைந்து வயது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் திரும்பி வந்தபோது உன் அண்ணன் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் தையல் பிரிக்கிற என் சின்னக் கத்தி. உன் பெண்ணின் போர்வை நூற்றிருபது கட்டம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து முடித்திருந்தேன். அதில் எழுபத்துநாலு கட்டத்தைப் பிரித்திருந்தார். நீலத்தை நீலத்தோடு, மஞ்சளை மஞ்சளோடு அடுக்கி, பிரித்த நூலாலேயே கட்டி வைத்திருந்தார். ஒரு துணியில்கூடக் கிழிசல் இல்லை. "ஏகப்பட்ட தப்பு, ஒண்ணுவிடாம பாத்துட்டேன்" என்று அத்தனை சந்தோஷமாகச் சொன்னார்.

அச்சகத்தில் நாற்பது வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை பார்த்த மனுஷர் அல்லவா? எங்கள் கல்யாணம் நிச்சயமானதும் நான் எழுதிய முதல் கடிதத்தையே, மூன்று இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியவர். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. ஆனால் விரலால் தடவினால் தையல் எங்கே கோணுகிறது என்று தெரிகிறது.

நான் அடித்துவிட்டேன், வாலு. அந்தக் கத்தி பிடித்த கை மேல் ஓங்கி அடித்தேன். அவர் சட்டென்று எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சார், அடுத்த ப்ரூஃப்ல கரெக்டா பண்ணிடறேன்" என்றார். அச்சக முதலாளி எவ்வளவோ கத்தியிருக்கிறார், ஒருநாளும் இவர் மேல் கை வைத்ததில்லை. நான் வைத்தேன்.

இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவருக்கென்று மிஞ்சியிருக்கிற ரத்த சொந்தம் நீ ஒருத்திதான். திட்டுவதானால் திட்டி எழுது. கல்யாணத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. போர்வை வந்து சேரும்.

உன் அண்ணி


அன்புள்ள வாலுவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. ஃபோனில் மட்டும் நகை, துணிமணி, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் என்று எல்லாம் சொன்னாய். கடிதம் கிடைத்ததா என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. வைக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அண்ணனை எங்கயும் கொண்டுபோய் விட்டுடாதீங்க அண்ணி" என்றாய். விடப்போகிறேன் என்று நான் எப்போது சொன்னேன்? அன்று முழுக்க அந்த ஒரு வாக்கியத்தையே மென்றுகொண்டிருந்தேன்.

சரி, நல்ல சேதியைச் சொல்கிறேன். அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது!

நடந்ததைக் கூட்டத்தில் சொன்னேன். அடித்ததையும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கண்டக்டரம்மா ஒரு பை நிறையத் துணிப்பட்டைகள் கொண்டுவந்தாள். எல்லாம் வேண்டுமென்றே கோணல்மாணலாகத் தைத்தவை. "சார் பிரிக்கட்டும், நம்ம கிட்ட கோணலுக்கா பஞ்சம்" என்றாள். அன்றிலிருந்து மூன்று பேரும் வாராவாரம் ஒரு பை தைத்துத் தருகிறார்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் நான் அதை மேஜையில் கொட்டி, ப்ரூஃப் வந்திருக்கிறது என்பேன். உடனே கண்ணாடியைக் கேட்பார். மதியம் வரை வேறு நினைப்பே இல்லை.

இதில் ஒரு கூத்து கேள். கணக்கு டீச்சருக்குக் கோணலாகத் தைக்க வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் நேராகவே போகிறதாம். உன் அண்ணன் அவள் பட்டைகளை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, தையல்கார சாக்பீஸால் ஓரத்தில் ஒரு டிக் போட்டுத் தனியாக வைத்துவிடுகிறார். பிரிக்கவே இல்லை. அதைச் சொன்னதும் டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு டிக் போட்டவளுக்கு இப்போது ஒருத்தர் டிக் போடுகிறாரே என்று மருந்துக்கடைக்காரி கேலி செய்தாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

உன் பெண்ணின் போர்வையையும் அவர்களே பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போன வாரம் மேஜையில் ஊசியும் கையுமாக உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போயிருக்கிறேன். கண் விழித்தபோது ஐந்தரை மணி. கண்டக்டரம்மா வாசலில் நாற்காலி போட்டு, உள்ளே வருகிறவர்களை விரலைக் காட்டியே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தொண்டை இரண்டு மணி நேரம் வாயைத் திறக்கவில்லையாம். என் ஊசியை யாரோ கையிலிருந்து எடுத்து, என் வரிசையைத் தைத்து முடித்திருந்தார்கள்.

எனக்கு முடியவில்லை, வாலு. அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, பொத்தான் போட்டுத் திரும்புவதற்குள் கழற்றியிருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை சட்டை என்று கணக்கே இல்லை. ஒரு நாள் போட்டிருந்த சட்டையின் தோள்பட்டையையே பிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஒரு முதியோர் இல்லத்தின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பாதியில் நிற்கிற போர்வைகளுக்கு நடுவில் செருகி வைத்திருக்கிறேன். நீ சொன்னதை மறக்கவில்லை.

ஒரு தடவை வந்து பார். கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கும், தெரியும். இரண்டு நாள் போதும்.

உன் அண்ணி


அன்புள்ள வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தோடு பார்சலில் போர்வை வருகிறது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் அனுப்புகிறேன், இனிமேல் என்னைப் பொய்க்காரி என்று சொல்லாதே. எங்களால் வர முடியாது. கல்யாணப் பெண்ணிடம் அத்தைக்குக் கால் வலி என்று சொல்லிவிடு.

நீ வருவாய் என்று பார்த்தேன். அது போகட்டும்.

இரண்டு வாரம் முன்னால் ஒரு காலை, நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நாங்கள் தேடாத தெரு இல்லை. கடைசியில் கண்டக்டரம்மாவுக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர்தான் பார்த்துச் சொன்னார். அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. அதன் வாசலில் மழையில் மூன்று மணி நேரம் கதவு திறக்கக் காத்திருந்திருக்கிறார். சாப்பாட்டுப் பை என்று நினைத்து என் கோணல் துணிப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் லேட்டாகிவிட்டது என்று அழுதார். அன்றைக்கே டாக்டர் கொடுத்த சீட்டை எடுத்தேன்.

அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கீழ்த்தளத்தில் ஓர் அறை, ஜன்னலோரக் கட்டில், பொது அறையில் நீள மேஜை. தினமும் நாலு மணிக்கு மேல் நான் போகலாம். துணிப்பை கொண்டுவரலாமா என்று கேட்டேன். கத்தி கூடாது, துணி பரவாயில்லை என்றார்கள். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டாவது கையெழுத்து உடன்பிறந்தவர் யாராவது போட வேண்டுமாம். போர்வையின் மடிப்புக்குள் அந்தப் படிவம் இருக்கிறது. இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் அந்த அறையை வைத்திருப்பார்களாம்.

கோபப்படுவதற்கு முன்னால் இன்னொன்றைக் கேள். போர்வை முழுதும் முடிந்தபின் விரித்துப் பார்த்தேன். கீழிருந்து இரண்டாவது வரிசையில், மூலைக்குப் பக்கத்தில், ஒரு தையல் நன்றாகக் கோணியிருந்தது. கண்டக்டரம்மா போட்டது. பிரித்துத் தைக்க எடுத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, அப்படியே அவர் மடியில் விரித்து, கத்தியைக் கையில் கொடுத்து, இது கடைசி ப்ரூஃப், பாருங்கள் என்றேன். பிரித்துவிட வேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசை. பாதிப் போர்வையைப் பிரித்தாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். கோணல் வந்த இடத்தில் விரல் நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு கத்தியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாக்பீஸை எடுத்து அந்தக் கோணலுக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். "நல்லா வந்திருக்கு, அச்சுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

நாற்பது வருஷத்தில் ஓர் ஒற்றைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷர். தப்பு தெரியவில்லையா, தெரிந்தும் போகட்டும் என்று விட்டாரா, எனக்குத் தெரியவில்லை. நான் அதைத் திருத்தவில்லை. உன் பெண்ணிடம் காட்டு. சாக்பீஸ் கோடு ஒரு தடவை துவைத்தால் போய்விடும், அதனால் கொஞ்ச நாள் துவைக்க வேண்டாம் என்று சொல். குழந்தைகள் இரண்டு பேரும் அந்தப் போர்வைக்குள் சண்டை போட்டுச் சமாதானமாகி நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும். மாமாவும் அத்தையும் ஆசீர்வாதம் செய்ததாகச் சொல்.

படிவத்தை ஒரு தடவை நிதானமாகப் படி, வாலு. கையெழுத்துப் போட முடிந்தால் போட்டு அனுப்பு. மனசு வரவில்லையென்றால் ஓரத்தில் ஒரு டிக் மட்டும் போட்டு அனுப்பு. இல்லத்துக்காரர்களுக்கு அது போதாது. எனக்குப் போதும்.

உன் அண்ணி