கிண்ணியா எண்ணெய்

1974 பெப்ரவரி 8, வெள்ளி

சலிசிலேற் இன்றும் வரவில்லை. கொழும்புக்கு எழுதி ஒரு மாதமாகிறது. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லையாம். வலிக்கு வேறு என்னத்தைக் கொடுப்பது?

காலையில் துறைமுகத்து ஆட்கள் வழக்கம்போல ஆளுக்கொரு வெறும் போத்தலோடு டிஸ்பென்சரி வாசலில் நின்றார்கள். முதுகு, தோள், முழங்கால். சிற்றூழியர் முருகேசு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தண்ணீரில் கொஞ்சம் சிவப்புச் சாயம், கசப்புக்கு ஒரு சொட்டு. ஊற்றிக் கொடுத்து அனுப்பினோம். போன கிழமை இதே தண்ணீரை வாங்கிப் போன, பாரம் தூக்கும் வின்ச்காரர் ஒருவர் திரும்பி வந்து, “ஐயாட மருந்து குடிச்ச கையோட நாரி பிடிப்பு விட்டுட்டுது” என்று கும்பிட்டார். நான் அடுத்த ஆளின் போத்தலை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தால் அன்னம் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். இடுப்பு நாரியிலிருந்து இடது காலுக்கு இறங்கும் வலி. நாங்கள் இடமாற்றமாகி இந்தக் குவாட்டர்ஸுக்கு வந்த வருசம் தொடங்கியது. மகள் கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போயும்விட்டாள், வலி போகவில்லை. பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்தாயிற்று, எலும்பில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று அவளிடம் நான்தான் சொன்னேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். அன்றிலிருந்து என்னிடம் வலியைப் பற்றிக் கதைப்பதில்லை.

பெப்ரவரி 16, சனி

அடுத்த வீட்டு யோகம்மா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அன்னத்தைக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே சுபைதா உம்மா என்று ஒரு மனுசி வலிக்கு எண்ணெய் கொடுக்கிறாளாம். இருந்து எழும்பவே ஏலாதவள் பஸ்ஸில் குலுங்கிப் போய், பாதைப் படகில் ஏறிக் களப்பைக் கடந்து, அந்தச் சொரி மணலில் நடந்திருக்கிறாள்!

டிஸ்பென்சரியில் ஊருக்கே மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியின் மனைவி. ஊர் என்ன சொல்லும்? “அவர் வீட்டிலயே அவற்ற மருந்து கேக்கேல்ல” என்று சொல்லாதா?

கேட்டேன். “போய்ப் பாத்தால் என்ன குறைஞ்சு போச்சு?” என்றாள். அவ்வளவுதான்.

பெப்ரவரி 17, ஞாயிறு

வீடு முழுக்க உள்ளியும் இலுப்பெண்ணெயும் மணக்கிறது. கறுத்த எண்ணெய், பெரிய போத்தல். ஒரு மண்டலத்துக்குப் போதுமாம். முதல் நாள் மட்டும் உம்மா தடவிக் காட்டுவாளாம். பிறகு வீட்டில் தானே தடவிக்கொண்டு, சனிக்கிழமைகளில் போய்க் காட்ட வேண்டுமாம். தக்காளி இல்லை, இறால் இல்லை, பகல் நித்திரை இல்லை.

நான் பகலில் படுக்காதே என்று எத்தனை தரம் சொன்னேன். அப்போது காதில் ஏறவில்லை.

பெப்ரவரி 24, ஞாயிறு

கிணற்றடியில் வாளிச் சத்தம். எட்டிப் பார்த்தேன். அன்னம் தண்ணீர் அள்ளுகிறாள். முனகிக்கொண்டுதான், ஆனால் அள்ளுகிறாள்.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“பரவாயில்லை.”

யோகம்மாவோடு வேலிக்கு மேலால் அரைமணி நேரமாக அந்தப் பரவாயில்லையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒற்றைச் சொல். சந்தோசப்பட வேண்டிய மனிசன் நான். நெஞ்சுக்குள் எரிகிறது. என்னண்டு சொல்ல? அவள் சுகப்படட்டும் — ஆனால் என் கையால் சுகப்பட்டிருக்க வேண்டும்.

மார்ச் 2, சனி

இன்று நானும் கூடப் போனேன். துணைக்கு என்று சொன்னேன். பொய். அந்த மனுசி என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

பார்க்க விட்டால்தானே! பெண்கள் மட்டும் உள்ளே. கிடுகு வேலிக்கு வெளியே தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் என்னை இருத்திவிட்டார்கள். கடைக்காரர் அபூதாஹிர் நான் யாரென்று தெரியாமல், “உம்மாட கை லேசான கையில்ல. பெரிய டொக்டர்மார் கைவிட்ட கேசெல்லாம் இங்கதான் வாற” என்றார். வெறுந்தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

வேலிக்கு அந்தப்பக்கம் முதலில் கதைச் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சிரிப்பு. இது யாருடைய சிரிப்பு என்று யோசித்தேன். அன்னத்தின் சிரிப்பு! மனைவியின் சிரிப்பை வேலிக்கு வெளியே வாங்கில் இருந்து கண்டுபிடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன்.

திரும்பி வருகையில் பாதைப் படகில் நின்றபடி, “உள்ளுக்குள்ள என்ன கதைச்சனீர்?” என்று கேட்டேன்.

“சும்மா, பொம்பிளையளின்ர கதை.”

மார்ச் 5, செவ்வாய்

பேக்கரியில் பாண் வரிசையில் அன்னம் நின்றதை முருகேசு கண்டாராம். நின்றாளாம்! எனக்கு முருகேசு சொல்லித்தான் தெரிகிறது.

மார்ச் 8, வெள்ளி

செய்துவிட்டேன்.

அன்னம் பத்திரகாளி கோயிலுக்குப் போயிருந்தாள். குசினிக்குள் போய் அடுப்பில் தாச்சிச் சட்டியை வைத்து, சாதாரணத் தேங்காய் எண்ணெயில் நாலு பல்லு உள்ளியைக் கருக்கி, மணத்துக்குக் கொஞ்சம் இலுப்பெண்ணெய் விட்டு, நிறத்துக்கு அடுப்புக்கரி தேய்த்து வடித்தேன். அவளுடைய எண்ணெயை வேறு போத்தலில் ஊற்றி அலுமாரிக்கு மேலே ஒளித்துவிட்டு, என்னுடையதை அந்தப் போத்தலில் நிரப்பினேன். அடுப்படியைத் துடைத்து, தாச்சியையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஒரு தடயமும் இல்லை.

இது களவில்லை. பரிசோதனை. அந்த மனுசியின் எண்ணெயில் சத்து இருந்தால், அது நின்றதும் வலி திரும்பி வரும். அப்போது தெரியும் அந்த எண்ணெய் உண்மையென்று. வராவிட்டால், அந்த மனுசி ஊரை ஏய்க்கிறாள் என்று தெரியும். எது வந்தாலும் எனக்கு அறிவு.

வலி வர வேண்டுமென்று நான் விரும்புகிறேனா? இந்தக் கேள்விக்கு இன்று பதில் எழுத மாட்டேன்.

மார்ச் 11, திங்கள்

தடவுகிறாள். முகத்தைச் சுளிக்கவில்லை. போத்தலை ஒருமுறை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தாள். நான் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்தேன். பிறகு மூடி வைத்துவிட்டுச் சோறு போட்டாள்.

மார்ச் 17, ஞாயிறு

வலி திரும்பவில்லை. பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரை வரைக்கும் நடந்துபோய் வந்தோம். வழியில் ஒருமுறைதான் குந்தியிருந்தாள். கரிபிடித்த தேங்காய் எண்ணெய்!

வென்றேன் என்று துள்ள வேண்டும் போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுவது என்றே நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால்?

அதோடு, யோசிக்க யோசிக்க வெற்றி சுருங்குகிறது. நாள்பட்ட வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கிறபோதுதான் சனங்கள் வைத்தியம் தேடி ஓடுகிறார்கள். பிறகு அது தானாக இறங்கினாலும் கடைசியாகக் கண்ட வைத்தியனுக்குத்தான் பெயர். இது அந்த மனுசிக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். ஒரேயொரு ஆளை வைத்து எதை நிரூபிக்கிறது? நூறு பேருக்கு அந்த எண்ணெய், நூறு பேருக்கு என் எண்ணெய், யாருக்கு எது என்று கொடுக்கிறவனுக்கே தெரியக் கூடாது. அப்படிச் செய்தால் ஏதாவது சொல்லலாம். என்னிடம் இருப்பது ஒரு அன்னம். அவளும் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை.

சரி, எண்ணெய் இல்லையென்றால் வேறென்ன? சிவப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைக் கும்பிட்ட மனிதருக்கு என்ன நடந்ததோ அதுதான். அப்படியென்றால் அவளை ஏமாற்றுக்காரி என்கிற நான் யார்? இந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கை அணைக்கிறேன்.

மார்ச் 26, செவ்வாய்

இப்படியும் நடக்குமா?

காலையில் வரிசையில், கறுத்த சீலையால் முக்காடிட்டு, கையில் வெறும் போத்தலோடு ஒரு மனுசி. “பேர்?” என்றேன். “சுபைதா. கிண்ணியா.” நிமிர்ந்து பார்த்தேன். தடித்த கண்ணாடி, வெற்றிலைக் காவி படிந்த பல்லு. இவளா? இவளுக்காகவா நான் ஐந்து கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை?

“முழங்கால், டொக்டரையா. ஊருக்கெல்லாம் தடவுற கை இது. என்ட சொந்தக் காலுக்கு மட்டும் ஒண்டும் கேக்குதில்ல.”

பிடிபட்டாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு கதிரையில் இருத்தினேன். மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, குற்றவாளியைக் கேட்பதுபோலக் கேட்டேன். எப்போது தொடங்கியது? ஏறும்போதா, இறங்கும்போதா? குளிருக்கா? தொழுகையில் குனியும்போதா, எழும்பும்போதா? அதற்கு முன்னால் என்ன நடந்தது? எங்காவது தடுமாறுவாள், எண்ணெயின் குட்டு வெளிப்படும் என்று விட்டுப்பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவளோ எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். புருசன் பக்கீர் மௌத்தாகி அவள் தனித்த வருசம் தொடங்கியதாம். தோணியை அவளே இழுத்து ஏற்றினாளாம். சொல்லும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் அதற்கும் விடவில்லை, “தோணியை எந்தப் பக்கத்தால இழுத்தனீங்கள்?” என்றேன்.

கடைசியில் நேரே கேட்டேன். “உங்கட எண்ணெய்க்குள்ள என்ன இருக்கு?”

“எண்ணெய்க்குள்ள என்ன இருக்கும் ஐயா? எண்ணெய்தான் இருக்கி.”

“என்ர மனிசி உங்களிட்ட என்ன சொல்லுறவ?”

சிரித்தாள். “அத அவங்களிட்டக் கேளுங்க.”

கொடுக்க என்ன இருக்கிறது என்னிடம்? சிவப்புத் தண்ணீர்தான். நிரப்பிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அதை ஊற்றும்போது கொஞ்சம் சந்தோசமாகவே இருந்தது.

ஏப்ரல் 6, சனி

அன்னம் கிண்ணியாவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். சுபைதா உம்மாவுக்கு முழங்கால் நன்றாக இலேசாம். இப்போது நிலத்தில் முழங்காலை மடித்து இருந்து தொழுகிறாளாம். வந்த பெண்களிடமெல்லாம் என் கைராசியைப் பற்றியே கதையாம். “அப்படி ஒரு டொக்டரை நான் காணல்ல, வலியப் புட்டுப்புட்டுக் கேட்டாரு” என்றாளாம்.

எனக்கு நெஞ்சு ஓரடி உயர்ந்தது. ஒரு நிமிசம்தான்.

“அரை மணித்தியாலமாம்,” என்றாள் அன்னம். “வரிசையில சனத்தை நிப்பாட்டிப்போட்டு, கதவையும் சாத்திப்போட்டு, அரை மணித்தியாலம் கேட்டனீங்களாம். எப்ப துவங்கினது, எப்பிடித் துவங்கினது எண்டு. அவவுக்கு அது. எனக்கு எக்ஸ்றே.”

செருப்பை உதறினாள். என்ன இது? இத்தனை நாள் நான் பொறாமையில் வெந்தேன். இப்போது இவள். அதுவும் என் பகையாளியின் முழங்காலைப் பார்த்து!

சுபைதாவின் பொய்யைப் பிடிக்கத்தான் கேட்டேன் என்று எப்படிச் சொல்வது? அன்னம் உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சலிசிலேற் வந்துவிட்டது. அளந்து, கலந்து, உண்மையான மருந்து கொடுத்தோம். பின்னேரம் முருகேசு தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “ஐயா, முந்தின மருந்துதான் நல்லமெண்டு ரெண்டு மூண்டு பேர் சொல்லுகினம்.”

போம் ஐயா, போம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருசப் பிறப்பு. கைவிசேசக் காசு கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். கதை இல்லை. இன்று வலி கூடவாம் என்று யோகம்மா சொல்லித் தெரியும்.

ஏப்ரல் 20, சனி

அன்னம் கிண்ணியாவுக்குப் போகவில்லை. குசினி வாசலில் பலகையில் இருந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டேன். டிஸ்பென்சரியில் எத்தனையோ பேரைக் கேட்டவன், சொந்த வீட்டில் ஒரு முருங்கைக்காயை எடுத்து உருட்டிக்கொண்டுதான் வாயைத் திறந்தேன்.

“அன்னம், உமக்கு அது எப்ப துவங்கினது?”

கத்தி நின்றது. நக்கலுக்குக் கேட்கிறேனோ என்று பார்த்தாள்.

“உண்மையாத்தான் கேக்கிறீங்களோ?”

“ஓம்.”

“இந்தக் குவாட்டர்ஸுக்கு வந்த அண்டைக்கு. நீங்கள் டிஸ்பென்சரியைப் பொறுப்பெடுக்கப் போட்டியள். லொறிக்காரன் சாமானை வாசல் முத்தத்தில இறக்கிப்போட்டுப் போட்டான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அலுமாரியை நான் தனிய…”

அந்த அலுமாரி. அதற்கு மேலேதான் அவளுடைய எண்ணெயை ஒளித்து வைத்திருக்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. சோறு அடிப்பிடித்து மணந்த பிறகும் சொன்னாள். நான் ஏன், எப்படி என்று கேட்டதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அவள் சொன்ன மற்றதை இங்கே எழுத மாட்டேன். பொம்பிளையளின்ர கதை.

ஏப்ரல் 27, சனி

காலையில் அன்னம் வெறும் போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“எண்ணெய் முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம் காய்ச்சித் தாருங்கோ.”

“நானோ?”

“பின்னை ஆர்? கோயிலால வந்து பாக்கிறன், தாச்சி பளபளவெண்டு கவிண்டு கிடக்கு. கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து தேத்தண்ணி குடிச்ச கோப்பையைக்கூடக் கழுவாத மனிசன். என்னவோ நடந்திருக்கெண்டு போத்தலை மணந்தன்.”

“தெரிஞ்சுகொண்டே தடவினீரோ?”

“எனக்கெண்டு முதல் முதலாய்க் குசினிக்குள்ள வந்து காய்ச்சியிருக்கிறியள். எதுக்குக் காய்ச்சினீங்களோ, எனக்கென்ன? வீணாக்குவனோ?”

வலி போயிற்றா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். “போகேல்ல,” என்றாள். “உம்மாவும் போகுமெண்டு ஒரு நாளும் சொல்லேல்ல. சில நாள் கூட, சில நாள் குறைய. நடக்கிறன், சமைக்கிறன். இருந்திட்டுப் போகட்டும்.”

அலுமாரிக்கு மேலே இருப்பதையும் இறக்கச் சொன்னாள். அதுவும் தெரிந்திருக்கிறது! இறக்கினேன். காய்ச்சவும் காய்ச்சினேன். இரண்டு போத்தலையும் பக்கத்தில் வைத்து, எதைத் தடவ என்று கேட்டேன். “கைக்கு வாறதைத் தடவுங்கோ” என்று குப்புறப் படுத்தாள். தடவினேன். எது கைக்கு வந்தது என்று பார்க்கவில்லை. என் பரிசோதனை அத்தோடு பாழ்.

எழும்பிச் சீலையை உடுத்திக்கொண்டு, “பத்து மணி பஸ்ஸுக்குக் கிண்ணியாவுக்குப் போட்டு வாறன்” என்றாள்.

“இனியும் என்னத்துக்கு?”

“கதைக்க.”

“நானும் வரட்டோ?”

“பொம்பிளையளின்ர கதைக்குள்ள உங்களுக்கென்ன வேலை?”

வேலிப் படலை வரைக்கும் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். யோகம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி, எதற்கோ சிரித்துக்கொண்டு போனாள். எனக்கு எரிந்தது. இன்னும் எரிகிறது.

உள்ளே வந்தேன். தாச்சி அடுப்பில் கறுத்துக் கிடந்தது. கழுவி வைத்தேன்.