என் காதுக்கு மட்டும் அமைதி

ஹெட்போன் நல்ல சாமான்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எது வாங்கினாய், எப்படி இருக்கிறது என்று நீ இரண்டு தடவை கேட்டும் நான் பதில் சொல்லாததற்கு அது காரணமில்லை கண்ணு. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே நாங்களும் இருக்கிறோம். அப்பாவுக்கு வலது கை அப்படியேதான், பேச்சு மட்டும் முன்னைக்குக் கொஞ்சம் தெளிவு, என்னைக் கேலி செய்யும் அளவுக்கு. போனில் சொல்லியிருக்கலாம். இருப்பது ஒரு அறை, நான் பேசுவது எல்லாம் கட்டிலுக்குக் கேட்கும். அதனால் காகிதம்.

பக்கத்துக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குக் கிரில் பட்டறை வந்திருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, காலையில் ஆரம்பித்தால் இரும்பை அறுத்துக்கொண்டே இருக்கிறார்கள், நம் ஜன்னலுக்கு நேர் கீழே. நான் வீட்டிலிருந்து செய்வதோ தண்ணீர் வடிகட்டி வாங்கியவர்களின் புகாரைப் போனில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. என் டீம் லீடர் உன்னைவிடச் சின்னவள். அக்கா, சத்தம் ரொம்ப வருதுக்கா, ஏதாவது பண்ணுங்க என்றாள். வெளிச் சத்தத்தை அடக்கும் ஹெட்போன் இருக்கிறதே என்று தோன்றியது. உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பணம் அனுப்புவாய், அங்கே சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பாய். கேட்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க் கடைக்குப் போனேன். எவ்வளவுக்குள் வேண்டும் என்று சொன்னதும் கடைக்காரர் கண்ணாடி அலமாரியை விட்டுவிட்டுக் கீழே குனிந்து மூன்று எடுத்து வைத்தார். ஒன்று காதுக்குள் செருகுவது, அது எனக்கு வலிக்கும். ஒன்றில் வெறும் பஞ்சு, சத்தத்தை அடக்குகிற மாதிரி படம் மட்டும் பெட்டியின் மேல். மூன்றாவது காதை முழுக்க மூடுவது, வாய்ப்பக்கம் ஒரு மைக், ஓரத்தில் ஒரு பொத்தான். நான் பெரிய கெட்டிக்காரி, கடைக்குள் பார்த்தால் தெரியாது என்று வாசலுக்கு வந்து நின்று பொத்தானை அழுத்தினேன். பஸ் வந்தது, சத்தம் வரவில்லை. கடைக்காரரின் வாய் மட்டும் அசைந்தது. அங்கேயே அதில் விழுந்துவிட்டேன். சார்ஜ் ஒரு நாள் நிற்குமா, காது மெத்தை கிழிந்தால் தனியாகக் கிடைக்குமா என்றெல்லாம் கேட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

வாங்கின அந்த முதல் நாட்களைப் பற்றி என்ன எழுதுவது. தலைக்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு அறை கிடைத்ததே இல்லை, அது இதுதான் என்று நினைத்தேன். மெதுவாகப் பேசினேன். ஒரு பெரியவர், ஏம்மா, ரோட்டுல நின்னுக்கிட்டா வேலை பாக்குற என்றார். ஒரு அம்மா, என்ன, பல்லு புடுங்குற எடத்துலேருந்து பேசுறியா என்றாள். புகார் சொல்ல வருகிறவர்கள் எதையாவது சொல்வார்கள், சிரித்துக்கொண்டேன். அப்பா கட்டிலிலிருந்து இடது கையை ஆட்டினார். நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார் போலும். தலையாட்டினேன். மறுபடி ஆட்டினார். மறுபடி தலையாட்டினேன்.

வாரக் கடைசியில் டீம் லீடர் ஒரு ஒலிப்பதிவை அனுப்பி, கேளுங்கக்கா என்றாள். இரும்பு அறுபடுகிறது. அதற்கு அடியில் எங்கோ ஒரு பெண் வடிகட்டியின் மூடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோல அவ்வளவு தாழ்ந்த குரலில். அது நான். இந்த ஹெட்போன் அடக்குவது என் காதுக்கு வரும் சத்தத்தை மட்டும்தானாம். வாய்ப்பக்கத்து மைக் அத்தனையையும் அள்ளி அந்தப் பக்கம் கொட்டியிருக்கிறது. முன்பாவது சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவேன், ஏதோ கேட்கும். அதையும் நிறுத்தியிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னால், அன்னிக்கே கத்துனேனே, சத்தம் அவங்களுக்குப் போகும்டின்னு, நீதான் மகாராணி கணக்கா தலைய ஆட்டிக்கிட்டு இருந்த என்கிறார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரித்து நாளாகியிருந்தது.

கடைக்காரரிடம் போனேன். நீங்க காதுக்குத்தானே கேட்டீங்க, வாய்க்குக் கேக்கலையேக்கா என்றார். காதில் வைத்ததை அவர் திருப்பி எடுக்கவும் முடியாது. அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். வாய்க்கானது கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது, அதை நீ வாங்கி அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. டீம் லீடரே சொல்லிவிட்டாள், அறுக்குற சத்தத்துக்கு அதுவும் தாங்காதுக்கா என்று. பட்டறைக்காரரிடமும் போய் நின்றேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இரும்பு மெதுவாப் பேசாதுக்கா என்றார். கடைசியாகக் குளியலறைக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். வென்டிலேட்டர் வழியாகச் சத்தம் வந்தது. நேற்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள், வீட்டிலிருந்து இனி வேண்டாம் என்று. ஆபீசுக்கு வந்து உக்காந்தா இப்பவே ஒரு சீட்டு இருக்குக்கா என்றாள் அந்தப் பெண், அவள் குரலும் சரியில்லை. அப்பாவைத் தனியாக விட்டு எப்படிப் போவது. போ, நான் பாத்துக்குறேன் என்பார். தண்ணீர் வைத்திருக்கும் இடத்துக்கு எழுந்து போகப் பார்ப்பார். அதற்குப் பயந்துதான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

வேறு வழி பிறக்கும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. பொய்யாக எழுதுவானேன். நீ உன் வேலையைப் பார், கடன் கிடன் வாங்கி எதுவும் அனுப்பாதே, ஒரு வேளையும் பட்டினி கிடக்காதே. நீயும் இந்த மாதிரி ஒன்று வைத்திருக்கிறாய், அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்காதே, பின்னால் வண்டி வருவது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது வேலையைப் பற்றி வாயைத் திறக்காதே, அப்பா பக்கத்தில் இருப்பார். எனக்கு இல்லாத நிம்மதியும் சேர்ந்து உனக்குக் கிடைக்கட்டும், நோய் நொடி இல்லாமல் இரு கண்ணு.

உன்,
அம்மா

உறையை ஒட்டும் முன் ஒரு வரி. திருப்பி அனுப்ப, வேலைக்கென்று கொடுத்திருந்த கம்பெனிக் கணினியைத் துடைத்து, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். இங்க கொண்டா என்றார். கட்டில்மேல் வைத்தேன். மூடியை அவர் இடது கையால் அழுத்திக்கொள்ள, நான் டேப் ஒட்டினேன்.