மாப்பிள்ளை அழைப்புக்குப் போன சிவப்புக் கார்

ஆவணி 10, புதன்

காலையிலேயே தோலை உரிக்கும் வெயில். தங்கை புருஷன் செல்வம் வாசலில் நின்றே பேசினான். போன தையில் என் காரின் பிரேக் செத்துப்போய் அவன் புது வீட்டுக் கேட்டை இடித்துத் தள்ளியதிலிருந்து பேச்சில்லை. ஆனால் சனிக்கிழமை அவன் மகள் நிலாவுக்குக் கல்யாணம். கூடப்பிறந்த தாய்மாமன் நான் ஒருவன்தான்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு மாப்ள ஒன் செவப்புக் கார்லதான் வரணுமாம், ஒம் மருமவ அடம். வெள்ளிக்கெழம சிதம்பரத்துலேருந்து கூட்டியாந்துடு மச்சான். கார் வரலன்னா நீ பட்டம் கட்ட மேடையேறாத. பந்தியில தின்னுட்டுப் போய்க்கினே இரு."

மணப்பெண் நெற்றியில் பட்டம் கட்டாத தாய்மாமன், தலையில்லாத முண்டம்.

கார் நிலவரம் (வயது 32, சீட்டு இரண்டு, கூரை மடக்கு):
– பானெட்டுக்குள்ளிருந்து எழும்பும் முகப்பு விளக்கு: ஒன்று எழும், மற்றது எழாது. கடலூர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் கண்ணடித்துக் கெட்ட பெயர்.
– கிளட்ச், மிதித்த இடத்திலேயே பிணம்.
– கதவடியில் உப்புக்காற்று தின்ற ஓட்டை. யானை நுழையும்.
– ரேடியேட்டர் கசிவு.

வியாழன்

முதுநகர், பஷீர் பாய் பட்டறை. எட்டு மணிக்குப் போர். பானெட் என் மண்டையில் விழுந்தது. பானெட்டை உதைத்தேன், கால் விரல் வீங்கியது. ஸ்பேனர் வழுக்கி பாயின் நகம் பெயர்ந்தது. தரையெல்லாம் ரத்தமும் ஆயிலும்.

கிளட்ச் சிலிண்டர் 4,800. விளக்கு மோட்டார், பழையது, 6,500. வெல்டிங் 9,000. என் மண்டைக்கு மூன்று தையல் 600. இருப்பதில் மலிவு நான்தான். ரேடியேட்டர் 22,000, சென்னையிலிருந்து திங்கள்தான் வருமாம்.

"அதுவரைக்கும் மஞ்சத்தூள் போட்டு ஓட்டு மாமா, ஓட்டைய அடைச்சுக்கும். ஒரு ஸ்பூன். ஜாஸ்தி போட்டுராத, கேக்குதா?"

வெள்ளி

மேகம். மழை இல்லை. கல்யாண வீட்டு மஞ்சள்தூள், அரைக் கிலோ. ஒரு ஸ்பூன் ரசத்துக்குப் போடுவது, இது சிங்கம். முழுப் பாக்கெட்டையும் கொட்டினேன். கசிவு கப்சிப். சிதம்பரம் வரை ராஜநடை.

திரும்பும்போது மாப்பிள்ளை கார்த்தி பட்டு வேட்டியில் என் பக்கத்தில். பின்னால் வேனில் அவன் ஆட்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்பில். புகை. மஞ்சள் கெட்டிப்பட்டு ரேடியேட்டரின் நரம்பெல்லாம் அடைப்பு. நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். கார்த்தி உதவுகிறேன் என்று ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான். கத்த நேரமில்லை. அவன் நெஞ்சில் ஒரே குத்து. சேற்றுப் பள்ளத்தில் மல்லாக்க விழுந்தான். மூடி பறந்தது. பனைமர உயரத்துக்குக் கொதிக்கும் மஞ்சள். என் வலக்கை அதற்குள்.

வேனிலிருந்தவர்கள் கண்ணில் பட்டது குத்து மட்டும்.

"யோவ், மாப்ள மேலயே கைய வெக்கிறியா!"

ஆறு பேர். (நாளை அறுபது என்று சொல்வேன்.) உதடு கிழிந்தது. பல் ஒன்று ஆடுகிறது. சேறும் பட்டுமாக ஏறிவந்த கார்த்திதான் விலக்கினான். "வுடுங்கடா! அவரு தள்ளலன்னா என் மூஞ்சி வெந்துருக்கும்!"

கார் சாலையோரத்தில். இன்ஜின் இறுகிவிட்டது. மாப்பிள்ளை வேனில் வந்திறங்கினார். மண்டப வாசலில் செல்வம் என் கைக்கட்டைப் பார்த்தான், காலரைப் பிடித்தான்.

"கார் எங்க?"

சனி

தூறல். இன்றும் இடக்கையில்தான் எழுதுகிறேன், கோழி கிறுக்கியதுபோல. கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். பேச்சு பேச்சுதான். பட்டத்தோடு என் ஒன்றுவிட்ட தம்பியை மேடையேற்றினார்கள். நிலா நெற்றியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"எங்க மாமாவக் கூப்புடுங்க."

"முகூர்த்தம் போவுதும்மா!" என்றான் செல்வம்.

"போவட்டும்."

செல்வம் இறங்கி வந்தான். அடிப்பான் என்று இடக்கையை மடக்கினேன். சட்டையைக் கொத்தாகப் பிடித்து மேடைக்கு இழுத்துப்போனான்.

ஒற்றைக் கையில் முடிச்சு நிற்கவில்லை. இரண்டு தடவை நழுவியது. நூலின் மறுநுனியைச் செல்வம் பிடித்தான்.

"இழுத்துக் கட்டுய்யா, பாழாப்போறவனே. கண்ணு தெரியலியா?"

தெரியவில்லைதான்.