பின்சுவரும் ஒரு கையெழுத்தும்

மார்ச் 4

மகளின் அப்பாவுக்கு,

நேற்று நம் வீட்டுப் பின்சுவரை இடித்துவிட்டேன். துணி துவைக்கும் கல்லையும் பெயர்த்தாயிற்று. அந்த இடத்தில் ஓர் அறை கட்டப் போகிறேன். முகவரி மகள் கொடுத்தாள். அவளைத் திட்ட வேண்டாம்.

திரைச்சீலை தைக்கும் ஆறு பெண்களும் கூடத்திலேயே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தியின் முழங்கை இடிக்கிறது. மேஸ்திரி நாலரை லட்சம் என்றார். நானே சூளைக்குப் போய்ச் செங்கல் பேசினேன், மணலுக்கு நாலு பேரிடம் விலை கேட்டேன். மூன்று லட்சத்து எண்பதுக்கு இறங்கியிருக்கிறார். இடித்த பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து தேக்கு ஜன்னல் சட்டம் நாலு, விறகு விலைக்கு வாங்கினேன். கதவில்லாத வெறும் சட்டம்தான். ஒன்றரை மீட்டர் அகலம். மேஸ்திரியை நம்பாமல், துணி அளக்கும் என் கடை மீட்டர் கோலை எடுத்துப் போய் நானே அளந்தேன்.

வீடு இருவர் பேரிலும் இருப்பதால் பிளானில் உங்கள் கையெழுத்தும் வேண்டுமாம். பிளானை இத்துடன் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் போட்டு அனுப்புங்கள். தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. உங்களுக்கு ஒரு காசு செலவில்லை.

இப்படிக்கு,
கடைக்காரி
(நீங்கள் வைத்த பேர்தான். இப்போது பலகையிலேயே எழுதிவிட்டேன்.)

மார்ச் 11

கடைக்காரிக்கு,

ஏழு வருஷம் கழித்து வந்த கடிதத்தில் "சௌக்கியமா" என்று ஒரு வார்த்தை இல்லை. செங்கல் விலை இருக்கிறது. நீ மாறவே இல்லை.

நான் எதற்காக வெளியேறினேன் என்று உனக்கே தெரியும். வீட்டைக் கடையாக்கினாய். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் நூல் கிடந்தது. இப்போது இன்னும் ஆறு மெஷினுக்கு இடமா?

என் பக்கமும் ஒன்று சொல்கிறேன். இங்கே பட்டறையில் மரத்தூளுக்கு நடுவில் ஒரு கட்டில்தான் என் குடித்தனம். முதுகு முன்போல் இல்லை. அந்த அறையில் குறுக்கே ஒரு சுவர் வைத்துப் பாதியை எனக்கு ஒதுக்கு. பிளானை அப்படித் திருத்தி அனுப்பினால் அன்றைக்கே கையெழுத்து. இல்லாவிட்டால் இல்லை.

உன் கணவன்

மார்ச் 17

மகளின் அப்பாவுக்கு,

குறுக்குச் சுவர் கிடையாது.

கையெழுத்து வேறு, வீடு திரும்புவது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி என் தலையில் வைக்காதீர்கள். கழிவுச் சரக்கை நல்ல சரக்கோடு சேர்த்துத் தள்ளும் மொத்த வியாபாரிகளை நான் இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

நகராட்சி அலுவலகத்தில் விசாரித்தேன். கான்கிரீட் தளத்துக்குத்தான் இருவர் கையெழுத்து. நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்டால் யாரையும் கேட்க வேண்டாமாம். ஆக, உங்கள் கையெழுத்தின் விலை இறங்கிவிட்டது. வெயிலில் வேகும், மழையில் காது அடைக்கும். வேகட்டும். ஆறு பேரிடமும் கேட்டேன். "தகரமோ தார்ப்பாயோ, கை நீட்ட இடம் கிடைச்சாப் போதுங்கக்கா" என்றார்கள்.

நீங்கள் வீட்டை விட்டுப் போன அந்த மாதம், கடைத்தெருக் கடைக்கு வாடகை கொடுக்க என் வளையலை விற்றேன். அப்போது யாரும் பாதி கேட்டு வரவில்லை. மாத முடிவு வரை பார்ப்பேன். முதல் தேதி தகரம் வந்து இறங்கும்.

முதுகுக்குத் தரையில் படுங்கள். கட்டில் ஆகாது.

கடைக்காரி

மார்ச் 24

கடைக்காரிக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குறுக்குச் சுவர் கேட்கவில்லை. தகரத்துக்குக் கீழே ஆறு பேரை உட்கார வைத்த பாவம் எனக்கு வேண்டாம்.

உண்மையைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடாமல் இருக்க ஒரு குற்றம் கிடைக்காதா என்றுதான் பிளானை மூன்று தடவை பார்த்தேன். கிடைத்தது. ஜன்னலுக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். உன் சட்டம் அதில் நுழையாது, மூன்று விரல் இடிக்கும்.

அந்தக் கோல் மீட்டர் இல்லையே! கடை திறந்த அன்று நீ என் பக்கத்தில் நின்றுகொண்டு, "ரெண்டு விரல் கூட விட்டு அறுங்க. வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல அளந்து பாத்து அசரட்டும்" என்றாய். அறுத்தவன் நான். உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மேஸ்திரிக்கு எப்படித் தெரியும்? உனக்கே மறந்துபோயிருக்கிறது.

ஊருக்கெல்லாம் இரண்டு விரல் கூட அளந்தாய். எனக்கு மட்டும் நறுக்கென்று அளந்தாய். அதுதான் என் கோபம். நூல் ஒரு சாக்கு.

வெறும் சட்டத்துக்குக் கதவு யார் செய்கிறார்கள்? ஜன்னல் கதவு நாலு ஜோடி, வாசல் கதவு ஒன்று. நான் செய்தால் கூலி இருபத்திரண்டாயிரம் ஆகும். பேரம் பேசாதே என்று சொல்ல மாட்டேன், உன்னால் முடியாது.

தச்சன்

மார்ச் 30

தச்சருக்கு,

சௌக்கியமா?

கோலை எடுத்து மகளின் பள்ளிக்கூட அளவுகோலோடு சேர்த்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. தப்பு என்னுடையது. மேஸ்திரியைக் கூப்பிட்டு இடைவெளியைத் திருத்தச் சொன்னேன். "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றார். "கோல் செஞ்சவர் சொன்னார்" என்றேன்.

நறுக்கென்று அளந்தேன் என்கிறீர்கள். இருக்கலாம். நீங்கள் ஒரு தடவையும் "கொஞ்சம் கூட வேண்டும்" என்று கேட்கவில்லை, எழுந்து போனீர்கள். வாய் திறந்து கேட்காதவருக்கு எந்தக் கடைக்காரியும் கூட அளக்க மாட்டாள்.

அறை முழுக்க ஆறு மெஷினுக்குத்தான். அதில் மாற்றம் இல்லை. ஏப்ரல் பத்தாம் தேதி தளம் போடுகிறார்கள். இருபதாம் தேதி உளியோடு வாருங்கள். கணக்கு இது: மரம், ஆணி, கீல் என் செலவு. மதியச் சாப்பாடு என் வீட்டில், தட்டில் நூல் இருக்காது என்று வாக்குத் தர முடியாது. இரவுத் தங்கல் உங்கள் அக்கா வீட்டில். ஜன்னல் கதவு நாலு ஜோடி, வாசல் கதவு ஒன்று. கூலி நீங்கள் கேட்ட இருபத்திரண்டாயிரம். பேரம் பேசவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். பாதி முன்பணம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மீதிப் பாதி, கடைசி ஜன்னலை நானே ஒரு தடவை திறந்து சாத்திப் பார்த்த பிறகு.

கடைக்காரி