சாக வேண்டியவை சாகவில்லை

ஜூன் 4

அன்புள்ள (இப்போதைக்கு அப்படித்தான்) அக்காவுக்கு,

உங்கள் ஆய்வகத்திலிருந்து நீ அனுப்பிய பாக்டீரியா என் உயிரை வாங்குகிறது. சூட்டில் மற்றப் புரதங்கள் மடிப்புக் குலைந்து கட்டி தட்டும்போது, அவற்றைத் தாங்கிப் பிடித்துத் திரும்ப மடித்துவிடும் துணைப்புரதம் இதில் இல்லை என்றுதானே சொன்னாய்? நாற்பத்திரண்டு டிகிரியில் செத்திருக்க வேண்டாமா? ஜம்மென்று வளர்கிறது! மூன்று தடவை பார்த்தாயிற்று. "உங்க அக்கா எதை அனுப்பினாங்களோ, போங்க" என்று என் ஆய்வு வழிகாட்டி சார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இது சாகாவிட்டால் என் ஆய்வேடு நகராது.

தலை வெடிக்கும்
உன் தங்கை

ஜூன் 15

அடி பொறுமைசாலி,

என்மேல் பாயும் முன் ஒன்று சொல். தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களில் எவற்றை எடுத்தாய்? ஒரே நாளில் குண்டாக எழும்பியவற்றையா? அந்தப் புரதம் இல்லாதது முப்பது டிகிரியிலேயே நோஞ்சானாகத்தான் வளரும். குண்டானவை மரபணுவில் வேறெங்கோ மாறி, அது இல்லாமலே பிழைக்கக் கற்றுக்கொண்ட எமகாதகர்கள். பொடிசாக இருப்பதை எடு என்று படித்துப் படித்துச் சொன்னேனே! காதில் போட்டுக்கொண்டால்தானே?

சலித்துப்போன
அக்கா

ஜூன் 27

அக்கா,

குண்டானவற்றைத்தான் எடுத்தேன். நோஞ்சானை எவளாவது பொறுக்குவாளா? இப்போது பொடிசுகளை வைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. துணைப்புரதத்தின் மரபணுவைத் திரும்பக் கொடுத்ததும் அதே சூட்டில் வளர்ந்தன. சார் சிரித்தே விட்டார்!

ஆனால் ஒரு சங்கடம். உன் பதில் வருவதற்குள், நீ அனுப்பியது தப்பு என்று சார் உன் மேலதிகாரிக்கு எழுதிவிட்டார். "நீயும் போடும்மா" என்று நீட்டினார், எரிச்சலில் நானும் கையெழுத்தைப் போட்டுத் தொலைத்தேன். நீயே சொல்லிச் சமாளித்துவிடேன், ப்ளீஸ். திட்டாதே.

உன் தங்கை

ஜூலை 9

தங்கைக்கு,

உன் சாரின் கடிதம் வந்த அன்றே என் வேலை நீட்டிப்பை நிறுத்திவைத்தார்கள். நீ எனக்குக் கடைசியாக எழுதியதைக் காட்டிய பிறகுதான் வேலை தப்பியது. அதைப் படித்துவிட்டு மேலதிகாரி, "கூடப் பிறந்தவளா கையெழுத்துப் போட்டா?" என்று கேட்டார். அவமானமாக இருந்தது.

புள்ளியை மாற்றி எடுத்ததற்கெல்லாம் எனக்குக் கோபமில்லை. அது யாருக்கும் நடக்கும். கையெழுத்துப் போடும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதுதான் ஆறவில்லை.

இனி எது வேண்டுமென்றாலும் உன் சார் எங்கள் அலுவலகத்துக்கு எழுதட்டும். நீ எனக்கு எழுதாதே. கோபம் தீர்ந்தால் நானே எழுதுகிறேன்.

அக்கா