கொசுவுக்குக் காய்ச்சல் வருவதில்லை

ஐப்பசி, செவ்வாய் இரவு

பாப்பாவுக்கு டெங்கு இல்லை. சாதாரணக் காய்ச்சல்தான்.

மத்தியானம் அவள் வாந்தி எடுத்ததும் பயந்துபோய், நானும் வீட்டுக்காரரும் வண்டியில் செஞ்சி கடைத்தெரு கிளினிக்குக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்தபோது, கல்லூரியில் விலங்கியலில் படித்தது நினைவுக்கு வந்து என்னைப் படுத்தியது. டெங்கு வைரஸைச் சுமக்கும் கொசு அதனால் சாவதில்லை. அதன் செல்கள் வைரஸின் ஆர்.என்.ஏ.வை நறுக்கி அடக்கிவிடுகின்றன. சில வைரஸ்களின் துண்டுகள் கொசுவின் மரபணுக்களோடு சேர்ந்து, முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகின்றன. வைரஸை அடையாளம் காண அவை உதவுமாம். அவரிடம் சொன்னேன்.

"கொசுவுக்கு ஜுரம் வந்தா இன்னா, வராட்டி இன்னா? டென்ஷன் ஆவாத, ரேவதி."

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். "டெங்கு இல்லம்மா. கொழந்தைக்கு என்ன குடுத்தீங்க?"

நிலவேம்புக் கசாயம். காலையில் நான் ஒரு டம்ளர் கொடுத்தேன். எனக்குத் தெரியாமல் மாமியாரும் ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறார். எல்லாம் வெறும் வயிற்றில்.

"அப்புறம் வாந்தி வராம?"

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

இப்போது பாப்பாவின் நெற்றி வியர்த்திருக்கிறது. கொசு தன் பிள்ளைக்கு வேண்டியதை முட்டையிலேயே கொடுத்தனுப்பிவிடுகிறது. என்னால் அவள் பக்கத்தில் படுத்துத் தொட்டுப் பார்க்கத்தான் முடிகிறது. இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருக்கிறது.